டிரைவர் அண்ணன் வைத்த பெயர்

டிரைவர் அண்ணனின் தூண்டில் ஒரு தண்ணீர் பாட்டில். ஒன்றரை லிட்டர் பாட்டிலின் லேபிளைக் கிழித்துவிட்டு, அதன் இடுப்பில் நைலான் நரம்பை வரிசை தவறாமல் சுற்றி, மூடிக்குக் கீழே மாட்டிய ரப்பர் வளையத்தில் முள்ளைச் செருகி வைத்திருப்பார். நானும் வெல்டரும் பளபளக்கும் தூண்டில் ராடுகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு, ஏதோ படையெடுப்புக்குப் போகிறவர்களைப் போல ஜுபைல் கடற்கரைப் பாறைகளில் ஏறுவோம். அவர் அந்தப் பாட்டிலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்னால் வருவார். பார்க்கிறவர்கள் அவர் தண்ணீர் குடிக்க வந்திருப்பதாகத்தான் நினைப்பார்கள். அவருக்கு அதில் கொஞ்சமும் வெட்கம் கிடையாது.

அவர் ஓட்டியது ஃப்ரீஸர் வண்டி. கத்தீஃப் மீன் சந்தையில் ஏற்றி, ஜுபைல் கடைகளில் இறக்குவது வேலை. வாரத்தில் ஆறு நாள் டன் கணக்கில் மீனைச் சுமந்துவிட்டு, விடுமுறை நாளான வெள்ளிக்கிழமை ஒரே ஒரு மீனுக்காகப் பாறையில் வந்து உட்காருவார். அந்த ஒரு மீன்தான் வராது. சிவகங்கைப் பக்கத்து ஆள். சவுதிக்கு வரும்வரை கடலில் கால் நனைத்ததில்லை. நான் கன்னியாகுமரிக் கடற்கரையில் பிறந்தவன், வெல்டர் தூத்துக்குடிக்காரன். கடலைப் பற்றி எங்கள் இருவருக்கும் தெரிந்தது கொஞ்சம், பேசுவது அதைப்போல இரண்டு மடங்கு. அவர் எல்லாவற்றையும் நம்பித் தலையாட்டிக்கொண்டிருப்பார்.

எங்கள் பேச்சைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொல்ல முடியாது. பாறை இடுக்கில் முள் மாட்டிக்கொண்டால் 'கஃபீல் பிடிச்சிட்டான்' என்போம். கஃபீல் என்றால் நம் விசாவுக்குப் பொறுப்பான முதலாளி. பிடித்தால் விட மாட்டான், இழுத்தால் அறுத்துக்கொண்டுதான் வர வேண்டும். மீன் இரையைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு மாட்டாமல் போனால் அது 'இன்டர்வியூ'. மாட்டிய மீன் பாதி வழியில் நழுவினால் 'ஹுரூப்'. வேலையை விட்டு ஓடிப்போனவன் மேல் இங்கே போடும் கேஸுக்கு அதுதான் பெயர். இரண்டு பேருடைய நரம்பு பின்னிக்கொண்டால் 'மீட்டிங்', ஏனென்றால் அரை நாள் போய்விடும், முடிவும் ஒன்றும் வராது. கெளுத்தி மீனுக்கு 'சேஃப்டி' என்று பெயர். குத்தும், வேறு உபயோகமில்லை. எங்கள் கம்பெனி சேஃப்டி ஆபீசருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில் இதை எழுதுகிறேன்.

ஊருக்கு ஊர் இது மாறும். குவைத்தில், ஃபஹாஹீலில் இருக்கும் என் சித்தி மகனும் தூண்டில் பைத்தியம்தான். அவர்கள் பக்கத்தில் முள் பாறையில் சிக்கினால் 'முதீர்' என்பார்களாம், ஆபீஸில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடிக்கும் மேனேஜரின் ஞாபகத்தில். தோஹா தொழில்பேட்டையிலிருந்து வந்த ஒரு ஃபிட்டர் அதையே 'சிக்னல்' என்றான். அங்கே லாரிகள் நிற்கும் நிற்பைப் பார்த்தவனுக்கு அப்படித்தான் தோன்றும். எங்கள் கஃபீல்தான் உசத்தி என்று நான் சித்தி மகனோடு போனில் சண்டை போட்டு ஒரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன்.

இந்தப் பெயர்கள் சும்மா வந்துவிடவில்லை. எங்கள் பாறையில் ஒரு வழக்கம் உண்டு. எங்களோடு சேர்ந்த பிறகு தன் முதல் மீனைப் பிடிக்கிறவன் ஒரு பெயர் வைக்கலாம். ஒரே ஒரு பெயர். அதற்குப் பிறகு அங்கே உட்காரும் எல்லோரும் அதைத்தான் சொல்ல வேண்டும். கஃபீல் வெல்டர் வைத்தது, இன்டர்வியூ நான் வைத்தது. மற்றவை ஊருக்குப் போய்விட்டவர்கள் விட்டுப்போனவை. 'ஹுரூப்' வைத்த எலக்ட்ரீஷியன் இப்போது எங்கே இருக்கிறான் என்றே தெரியாது, ஆனாலும் வாரத்துக்கு நாலு தடவை அவன் சொல் எங்கள் வாயில் வந்துவிடும். நிபந்தனைகளும் உண்டு. சொந்தத் தூண்டில், சொந்தக் கை, மீன் காய்ந்த கல்லில் வந்து விழ வேண்டும். ஈரக் கல் செல்லாது. இதற்கெல்லாம் நடுவர் நான். யாரும் என்னை நியமிக்கவில்லை, கடற்கரையில் பிறந்த திமிரில் நானே ஏறி உட்கார்ந்துகொண்டேன். பிளான்ட்டில் ஒரு மீட்டர் அரைப் புள்ளி தப்பாகக் காட்டினால்கூட விடாமல் நோண்டுகிற வேலை என்னுடையது. அந்தப் புத்தி விடுமுறை நாளிலும் என்னை விட்டுப் போகாது.

டிரைவர் அண்ணனுக்கு அந்த ஒரு பெயர் மேல் அவ்வளவு ஆசை. எங்கள் சொற்களை எங்களைவிட ருசித்துச் சொல்கிறவர் அவர்தான். ஊரில் இருக்கும் மதினிக்கும் எல்லாம் மனப்பாடம். காலை பத்து மணிக்கு மதினி போன் செய்வார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, இன்றைக்கு எத்தனை இன்டர்வியூ, யாரையாவது கஃபீல் பிடித்தானா என்று எங்களிடமும் விசாரிப்பார். கடைசியில் புருஷனிடம் ஒரு கேள்வி இருக்கும்: உங்கள் பெயர் எப்போது வரும்? ஒரு சொல்லுக்கா புருஷனும் பெண்டாட்டியும் இந்தப் பாடு படுகிறீர்கள் என்று ஒருநாள் நான் கிண்டல் செய்தேன். எதற்கும் சிரிக்கிற மனிதர் அன்று சிரிக்கவில்லை.

"எட்டு வருசம் இங்க இருந்ததுக்கு ஊருல வீடு நிக்குது தம்பி. இங்க என்ன நிக்குது? நான் போனப்புறம் நாலு பேரு வாயில எம் பேச்சு ஒண்ணு கெடக்கட்டுமே."

எங்களோடு அவர் பாறைக்கு வந்தது மூன்று வருடம். இரண்டாவது வருடத்தில் ஒரு ஓரா மீன் நிஜமாகவே மாட்டியது. கைக்குக் கை மாற்றி இழுத்து மேலே கொண்டுவந்துவிட்டார். கல்லில் பட்ட மீன் ஒரு துள்ளு துள்ளியது, அலை வந்தது, போய்விட்டது. வெல்டர் கைதட்டத் தொடங்கியிருந்தான். நான் குனிந்து அந்தக் கல்லைத் தொட்டுப் பார்த்து, ஈரம், செல்லாது என்று தீர்ப்புச் சொன்னேன். அவர் முகம் ஒரு கணம் சுருங்கியதைப் பார்க்கத்தான் செய்தேன். ஆனால் அவர் உடனே சமாளித்துக்கொண்டு, பாவம், அதற்கு எங்கே வேலை இருக்கிறதோ போகட்டும் என்று சொல்லிவிட்டுப் புது இரை கோக்க உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதினால் அது பொய். நன்றாகத்தான் சாப்பிட்டேன்.

அடுத்த வருடம் அவர் முதுகு வலி தாங்காமல், ஒரேயடியாக ஊர் திரும்ப ஃபைனல் எக்ஸிட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டபோதுதான் அந்த ஓரா என் தொண்டையில் முள்ளாக நின்றது. கடைசி வாரமும் வந்தது. மீன் வரவில்லை. சட்டம் போட்ட நானே சட்டத்தை மீறத் திட்டம் போட்டேன். வெல்டர் வியாழக்கிழமை சாயங்காலம் கடையில் போய் அழகான விளமீன் ஒன்றை வாங்கி, எங்கள் ஐஸ் பெட்டிக்குள் துணி சுற்றி ஒளித்து வைத்தான். காலையில் பாறையில் உட்கார்ந்து அரை மணி நேரம் ஆனதும், வண்டியில் மறந்து விட்ட டீ ஃபிளாஸ்க்கை எடுத்து வர முடியுமா என்று அவரைக் கேட்டேன். பெரியவரை வேலை வாங்குகிறோமே என்று கூச்சமாகத்தான் இருந்தது. அவர் அந்தப் பக்கம் போனதும் வெல்டர் அவர் நரம்பை இழுத்து, விளமீனின் வாயில் முள்ளை மாட்டி, சத்தம் கேட்காமல் தண்ணீருக்குள் இறக்கிவிட்டான்.

அவர் வந்து பாட்டிலைத் தொட்டார். கனம் தெரிந்தது. கண் விரிந்தது. கைக்குக் கை மாற்றி இழுத்தார், நாங்கள் இரண்டு பேரும் வேண்டிய மட்டும் ஆர்ப்பாட்டம் செய்தோம், மீன் சுத்தமான காய்ந்த கல்லில் வந்து கிடந்தது. நான் என் நடுவர் குரலில் 'செல்லும்' என்றேன். அவர் குனிந்து மீனை இரண்டு கையாலும் அள்ளினார்.

ஆகஸ்ட் மாதத்துக் கடல் அது. காலை ஏழு மணிக்கே குளிக்கச் சுடவைத்த தண்ணீர் மாதிரி இருக்கும். அந்தக் கடலிலிருந்து வந்த மீனின் வயிறு ஜில்லென்று இருந்தது. எட்டு வருடம் ஐஸ் பெட்டிக்குள் விட்டு எடுத்த கை அது. அந்தக் கையை ஐஸ் மீனை வைத்து ஏமாற்றக் கிளம்பிய அறிவாளிகள் நாங்கள். அவர் கட்டைவிரலால் வயிற்றை அழுத்தினார், செவுளைத் தூக்கிப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மீனு நல்ல மீனு தம்பி. ரெண்டு நாளா ஐஸுல இருந்திருக்கு. புதங்கிழம நான் எறக்குன லோடாத்தான் இருக்கும்."

முதலில் சிரித்தது அவர்தான். வெல்டர் சிரித்துச் சிரித்துப் பாறையிலேயே படுத்துவிட்டான். எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் காரியம் கெட்டுவிடக் கூடாதே என்ற பதற்றமும் இருந்தது.

"நான் சொல்லுகேன், செல்லும்ணே. பேரு வையுங்க."

அவர் தலையை ஆட்டினார். "மீனு ஒங்க மீனு. பேரு மட்டும் எம் பேரா இருக்க முடியுமா?"

மத்தியானம் அந்த விளமீனைக் குழம்பு வைத்து மூன்று பேரும் சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். அதற்கு முன்னால் பத்து மணிக்கு மதினியின் போன் வந்தபோது, இன்றைக்கும் இல்லை என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். நான் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அந்த ஈரக் கல்லை அன்று தொட்டுப் பார்க்காமலே இருந்திருக்கலாம் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை அவரை விமானம் ஏற்றிவிட்டோம்.

ஊரில் மழைக்காலம் முடிந்த சமயம், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்து விழுந்தது. நிறைந்து கிடந்த கண்மாய், கரையில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டிரைவர் அண்ணன். நரம்பை இழுக்கிறார், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஜிலேபி கெண்டை வருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு சேற்றில் வழுக்கி வழுக்கி மேட்டுக்கு ஓடுகிறார். அங்கே ஒரு கருங்கல் தயாராக இருக்கிறது. எடுத்து வந்து போட்ட கல் என்று பார்த்தாலே தெரிகிறது. ஒரு கையில் போனைப் பிடித்துப் படம் எடுக்கும் மதினியின் இன்னொரு கை நீண்டு, முந்தானையால் அந்தக் கல்லைத் துடைக்கிறது. மீன் கல்லில் விழுகிறது.

"காஞ்ச கல்லு. நல்லாப் பாத்துக்கங்க கொழுந்தனாரே," என்கிறது மதினியின் குரல்.

கண்மாய் மீன் கணக்கில் வருமா என்று நான் வாயைத் திறப்பதற்குள், சட்டத்தில் கடல் என்று எங்கே போட்டிருக்கிறது என்று வெல்டர் என் மேல் பாய்ந்தான். அவன் பாய்ந்திருக்கத் தேவையில்லை. நான் அந்த வீடியோவை நாலு தடவை பார்த்தேன், கல்லின் ஈரத்தைச் சோதிக்க அல்ல. 'செல்லும்' என்று அடித்து அனுப்பினேன். என் நடுவர் உத்தியோகத்தில் நான் மனம் நிறைந்து சொன்ன தீர்ப்பு அது ஒன்றுதான்.

பெயர் உடனே வரவில்லை. நாங்கள் அடித்த ஐஸ் மீன் கூத்துக்குத்தான் பெயர் வைப்பார் என்று வெல்டர் அடித்துச் சொன்னான். மறுநாள் டீ நேரத்தில் குரல் பதிவு வந்தது.

"எல்லாத்துக்கும் பேரு வச்சாச்சு தம்பி. கொத்துனா ஒரு பேரு, சிக்குனா ஒரு பேரு, நழுவுனா ஒரு பேரு. ஒண்ணுமே கடிக்காம, நாம பாட்டுக்குப் பேசிக்கிட்டு உக்காந்திருப்போம்ல, அதுக்கு மட்டும் பேரு இல்ல. அதுக்கு வெள்ளிக்கிழமன்னு வைங்க. இங்க கண்மாயில மீனு நெறையாக் கெடைக்குது. அது கெடைக்கல."

இப்போது பத்து மணிக்குப் போன் செய்கிறவர் டிரைவர் அண்ணன். போன வாரமும் செய்தார். ஏதாச்சும் உண்டா என்று கேட்டார். விடிந்ததிலிருந்து ஒரு கொத்துகூட இல்லை, வெறும் வெள்ளிக்கிழமைதான் அண்ணே என்றேன்.

"அப்பப் போன வச்சிராதீங்க தம்பி. செத்த நேரம் அப்படியே இருங்க."

நான் போனைக் கடலைப் பார்க்கப் பாறையில் சாய்த்து வைத்துவிட்டு, வெல்டரோடு பேசிக்கொண்டிருந்தேன்.