சுத்தியலுக்கும் கீபோர்டுக்கும் நடுவில்

என் மகளின் வலது கை மோதிர விரலை உடைத்தவன் நான். இதை முதலில் சொல்லிவிட்டால்தான் மற்றதைச் சொல்ல எனக்கு வாய் வரும்.

கோயம்புத்தூர் கணபதியில் எனக்கு ஒரு லேத் பட்டறை. பம்புசெட்டுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுக்கிறோம். பட்டறையில் யாராவது அளவைத் தப்பாக எடுத்துவிட்டால் என் கைதான் முதலில் போகும், வாய் அப்புறம். ஒருவனை நான் அறைந்ததில் அவன் பல்லே உதட்டைக் கிழித்துச் சட்டையெல்லாம் ரத்தம். வீட்டிலும் அப்படித்தான். குழம்பில் உப்பு கூடினால் தட்டு பறக்கும். மனைவியை எத்தனை முறை அடித்தேன் என்பது எனக்கு நினைவில்லை, அவளுக்கு நினைவிருக்கும். மகள்மேல் மட்டும் அதுவரை கை வைத்ததில்லை. அதை ஒரு பெருமையாகவே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கினாள். டாக்டராக்குவது என்று நானாக முடிவு செய்து பயாலஜி குரூப்பில் சேர்த்தேன். கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும் என்று இரண்டு முறை கேட்டாள். மூன்றாம் முறை கேட்கவில்லை. கொரோனா சமயத்தில் ஆன்லைன் வகுப்புக்காக வாங்கிய லேப்டாப் அவளிடம் இருந்தது. அதில் வீடியோ பார்த்துப் பார்த்துத் தானாகவே கோடிங் கற்றுக்கொண்டிருந்தாள். ரேக்ளா பந்தயம் மாதிரி ஒரு விளையாட்டு செய்துகொண்டிருந்தாள். இரண்டு வண்டிகள், நான்கு காளைகள், மண் ரோடு. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

பதினொன்றாம் வகுப்பு அரையாண்டில் கெமிஸ்ட்ரியில் பெயிலானாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டுக்குக் கறி வெந்துகொண்டிருந்தபோது, கையெழுத்துக்காக மார்க் கார்டை மேசைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன். லேப்டாப் திரையில் ஒரு பையன் பெயரில் நாலைந்து வரி வந்து கிடந்தது. யாரென்று கேட்டேன்.

"கோடிங் குரூப்புல இருக்கறவருங்கப்பா. காளை பாதி ரோட்டுலயே நின்னுபோகுது. எங்க தப்புன்னு கேட்டிருந்தேனுங்க."

பையன் என்பது மட்டும்தான் என் காதில் விழுந்தது. ஆணி அடிக்க வைத்திருந்த சுத்தியல் அலமாரித் தட்டில் இருந்தது. முதல் அடியில் திரை நொறுங்கியது. இரண்டாவது அடிக்கு ஓங்கியபோது அவள் இரண்டு கையையும் விரித்துக் கீபோர்டை மூடினாள். இதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொல்கிறேன். கை அங்கே இருப்பதை நான் பார்த்தேன். நிறுத்த நேரம் இருந்தது. நிறுத்தவில்லை.

அவள் கத்தவில்லை. மூச்சை உள்ளே இழுத்த சத்தம்தான் கேட்டது. விரல் பக்கவாட்டில் மடங்கிக் கிடந்தது. அப்போது என் காதோரம் ஏதோ வெடித்தது போலிருந்தது. அடுக்களையிலிருந்து தோசைக்கல்லோடு வந்திருந்தாள் மனைவி. நான் கீழே விழுந்த பிறகும் தோளில் ஒன்று போட்டாள். இருபது வருடத்தில் எதிர்த்து ஒரு சொல் பேசாதவள்.

"எந்திரிச்சீங்கன்னா கொன்னுபோடுவேனுங்க" என்றாள்.

அந்த நேரத்திலும் 'ங்க' போட்டுத்தான் சொன்னாள். நான் எழவில்லை. காதிலிருந்து ரத்தம் கழுத்தில் இறங்க, தரையில் கிடந்தபடியே அவர்கள் இருவரும் ஆட்டோ ஏறிப் போகும் சத்தத்தைக் கேட்டேன்.

ஆஸ்பத்திரியில், விரல் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று மகள் சொன்னாளாம். இல்லை, அவங்கப்பா சுத்தியலால் அடித்தார் என்று மனைவி திருத்தியிருக்கிறாள். போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதற்கு மகள் வேண்டாம் என்று தலையாட்டியிருக்கிறாள். மாவுக்கட்டு போட்டுக்கொண்டு அப்படியே பொள்ளாச்சி பஸ் ஏறிவிட்டார்கள். அங்கே மனைவியின் அண்ணன் கொப்பரைக் களம் வைத்திருக்கிறார்.

பத்தாம் நாள் போனேன். மன்னிப்புக் கேட்கப் போனேன் என்று சொன்னால் பொய். கூட்டிக்கொண்டு வரப் போனேன். களத்தில் காய்ந்துகொண்டிருந்த தேங்காய்ப் பருப்புக்கு நடுவே மச்சான் நின்றிருந்தார். எங்கள் ஊட்டு விஷயத்தில் தலையிடாதீங்க என்று நான் ஆரம்பித்ததும் முகத்தில் குத்து விழுந்தது. திருப்பிக் குத்தினேன். இருவரும் கொப்பரைமேல் விழுந்து புரண்டோம். அவர் என் மார்பில் முழங்காலை ஊன்றி, வலது கையை முறுக்கி, எந்த விரல் என்று கேட்டுக்கொண்டே மோதிர விரலைப் பின்னால் வளைத்தார். வலியில் என் கண் இருண்டது.

வாசலில் நின்ற மகள்தான் பேசினாள். "உடுங்க மாமா. இன்னொரு விரல் ஒடைஞ்சா என் விரல் நேராயிருமா?"

அவர் விட்டுவிட்டார். அவள் என்னைத் தூக்கிவிட வரவில்லை. நானாக எழுந்து, என்ன செய்யட்டும் என்று கேட்டேன். யோசிக்காமலே சொன்னாள். டி.சி. வாங்கித் தர வேண்டும். பொள்ளாச்சியிலேயே ஒரு பள்ளியில் கம்ப்யூட்டர் சயின்ஸில் மறுபடி பதினொன்று படிப்பாள். அவள் இருக்கிற அறைக்குள் நான் வரக்கூடாது.

டி.சி. கேட்டுப் பள்ளிக்குப் போனபோது, ஒரு வருஷத்தை வீணாக்குகிறீர்களே, பெண்ணைக் கண்டித்து வளர்க்கத் தெரியாதா என்று பிரின்சிபால் கேட்டார். மேசைக்கு அடியில் இரண்டு கையும் இறுகிக்கொண்டன. கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

உடைந்த லேப்டாப்பை உக்கடத்தில் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒரு பாயிடம் கொண்டுபோனேன். திருப்பித் திருப்பிப் பார்த்தவர், எதில் இடித்தது என்று கேட்டார். நானே அடித்தது என்றேன். அவர் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, மேலே ஒன்றும் மிச்சமில்லை, உள்ளே டிஸ்க் தப்பித்திருக்கிறது என்றார். அதிலிருந்ததை ஒரு பென் டிரைவில் ஏற்றி வாங்கினேன். புது லேப்டாப் ஒன்றும் வாங்கி, இரண்டையும் மச்சான் வீட்டு வாசலில் வைத்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன். ஒரு மாதம் கழித்து மகளிடமிருந்து ஒரு வரி வந்தது: காளை ஓடுகிறது.

மனைவி ஒரு வருடம் கழித்துத்தான் வந்தாள். கை ஓங்கினால் அன்றைக்கே கிளம்புவேன் என்று சொல்லிவிட்டுத்தான் படியேறினாள். நான் திருந்திவிட்டேன் என்று சொல்லமாட்டேன். போன மாதம்கூடப் பட்டறையில் ஒருவனைச் சட்டையைப் பிடித்துச் சுவரில் இடித்தேன். அவன் கண்ணைப் பார்த்தபின் விட்டேன். அன்று முழுதும் எனக்கு எதுவும் ஓடவில்லை.

மகள் இப்போது கோயம்புத்தூரிலேயே இன்ஜினியரிங் படிக்கிறாள், ஹாஸ்டலில் தங்கி. போன லீவில் அவளாகவே பட்டறைக்கு வந்தாள். புதிதாக வாங்கிய, தானாகவே இரும்பை வெட்டும் சி.என்.சி. மெஷினைப் பார்க்க வேண்டும் என்றாள். ஆபரேட்டர் அன்று லீவு. மெஷினுக்குள் ஓடுவதும் ஒரு புரோகிராம்தான் என்று எனக்கே அவள் சொல்லித்தான் உறைத்தது. திரையில் ஓடிய வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து, இது எதற்கு, அது எதற்கு என்று கேட்டாள். எனக்கு அந்த வரிகளை எழுதத் தெரியாது. இரும்பை வெட்டத் தெரியும். வெட்டும் டூல் எந்தப் பக்கமிருந்து வரவேண்டும் என்று நான் சொல்ல, அவள் அதை வரிகளாக்கினாள். அரைமணி நேரம் இப்படியே போனது. அவள் பிறந்ததிலிருந்து அவளோடு அவ்வளவு நேரம் நான் பேசியதில்லை.

ஒரு இடத்தில் டூலைக் காட்டுவதற்காகச் சட்டென்று கையைத் தூக்கினேன். அவள் கண்ணை இறுக மூடி, தலையைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, இரண்டு கையையும் மடக்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டாள்.

பட்டறையில் மற்ற லேத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் கையை இறக்கினேன். அவள் கண்ணைத் திறந்து, என்னைப் பார்க்காமல் திரையைப் பார்த்தாள்.

"சொல்லுங்கப்பா, எத்தனை மில்லி வெட்டோணும்?"

இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அளவைச் சொன்னேன்.