சாந்தி நீட்டிய கை

ஃபேரர் பார்க் வட்டாரத் தோழிகள் எட்டுப் பேர் சென்ற வசந்தத்தில் தென்கொரியாவுக்கு மலையேறப் போனோம். கணவரை இழந்து ஓராண்டுகூட ஆகாத சாந்தியையும் நான்தான் வற்புறுத்தி அழைத்துச் சென்றேன்.

காடு முழுக்க இளஞ்சிவப்புக் காட்டுப்பூக்கள். பறிக்கக் கூடாது என்பதால், வழிகாட்டியாக வந்த கொரியப் பெண் உதிர்ந்தவற்றில் வாடாதவற்றைப் பொறுக்கி ஆளுக்கொன்று கொடுத்தாள். பழக்கதோஷத்தில் எல்லாரும் தலையில் செருகிக்கொண்டோம். சாந்தியும் கையை நீட்டினாள். பூவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சங்கடப்படுவாளே என்று நான் முந்திக்கொண்டேன். “நோ, நோ, அவளுக்கு வேணாம்.”

சாந்தி கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

இறங்கும்போதுதான் பேசினாள். “வெள்ளிக்கிழமையானா அவரு எனக்குப் பூ வாங்கிட்டு வருவாரு. இனிமே வைக்காதேன்னு அவரு சொல்லல லா. நீதான் சொல்றே.”

இப்போது வெள்ளிதோறும் தேக்கா சந்தையில் எனக்கு வாங்கும்போது அவளுக்கும் ஒரு முழம் மல்லிகை வாங்கிக் கொடுக்கிறேன். வைத்துக்கொள் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. சாந்தி வாங்கிக்கொண்டுபோய் அவர் படத்துக்குப் போட்டுவிடுகிறாள். தன் தலைக்கென்று இதுவரை ஒரு துண்டுகூடக் கிள்ளியதில்லை.