அண்ணி சொன்ன வாரேன்

அண்ணிக்குச் சர்க்கரை வந்த பிறகுதான் நாங்கள் இருவரும் சூரமங்கலத்தில் காலை நடைக் குழுவில் சேர்ந்தோம். அண்ணி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. இரண்டு பேருக்கும் சொந்த ஊர் திருச்செங்கோட்டுப் பக்கம். அந்தக் குழு போன வருடம் இமயமலைக்குக் கிளம்பியது. பகலில் ஏற வேண்டும், இரவில் வழியிலுள்ள கல் குடிசைகளில் தங்க வேண்டும்.

"ஏற்காட்டுக்கே பஸ்ஸுல தூங்கிக்கிட்டு போனவ நீ" என்று அண்ணி என்னைக் கேலி செய்தார். ஆனால் முதல் குடிசையைத் தாண்டியதும் அவர்தான் பின்தங்கினார். வழிகாட்டி, தலைசுற்றிய ஒருவரைக் கூட்டிக்கொண்டு முன்னால் போய்விட்டார். ஓர் ஓடையைக் கடந்ததும் பாதை இரண்டாகப் பிரிந்தது. வலது பக்கம் அடுத்த குடிசைக்கு. இடது பக்கம் ஆட்டுக்காரர்கள் பனி மூடிய சரிவுக்குப் போகும் தடம். அங்கே ஒரு பாறையில் அண்ணி உட்கார்ந்தார்.

"மூச்சு வாங்குதுங்களா அண்ணி?"

"எனக்கென்ன, கல்லாட்டம் இருக்கறேன். மத்தவிய போறாங்க பாரு, நீ போ சாமி." வெந்நீர் பிளாஸ்க்கை என் கையில் கொடுத்தார். "இதக் கொண்டு போ, மேல குளுரும். நான் வாரேன்."

"சரிங்க அண்ணி" என்று நடந்தேன்.

இரண்டாவது குடிசைக்கு எல்லோரும் வந்து சேர்ந்தார்கள், அண்ணி வரவில்லை. மூடுபனி ஏறிவந்து பாதையை மறைத்தது. வெளிச்சம் குறையத் தொடங்கியிருந்தது. எங்களில் இந்தி தெரிந்தவர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஐயா ஒருவர்தான். அவர் வழியாக வழிகாட்டி என்னிடம் கேட்டார், அண்ணி கடைசியாக என்ன சொன்னார் என்று.

"வாரேன்னாங்க."

ஐயா அதை இந்தியில் சொன்னார். வழிகாட்டி உடனே கயிற்றை எடுத்தார். மேலே ஏறி வந்தவர் இங்கே வரவில்லையென்றால், தடம் மாறிப் பனிச்சரிவுப் பக்கம்தான் போயிருக்க வேண்டும். இருட்டிவிட்டால் அங்கே தேட முடியாது.

சுவரோரம் நின்றிருந்தேன். அந்தக் குழுவில் ஆண்களிடம் வணக்கம் தவிர நான் வேறெதுவும் பேசியதில்லை. வாரேன் என்ற சொல்லையே திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தபோதுதான் அது உறைத்தது. எங்கள் ஊரில் பின்னால் வருகிறவர்களும் வாரேன் என்பார்கள், விடைபெற்றுப் போகிறவர்களும் வாரேன் என்பார்கள்.

"ஐயா" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தேன். "அண்ணி கீழ போயிட்டாங்க."

"என்னம்மா, வாரேன்னு சொன்னாங்கன்னீங்க?"

"அது கெளம்பறப்ப சொல்ற வாரேனுங்க. பிளாஸ்க்கக் குடுத்து, மேல குளுரும்னாங்க. கூட வர்றவங்க அப்படிச் சொல்வாங்களா?"

"தப்பாப் போச்சுன்னா?"

"நானும் வாரேனுங்க" என்றேன்.

"இது எந்த வாரேன்?" என்று கேட்டார். அவர் சிரிக்கவில்லை.

மூவரும் ஓடை வரை இறங்கினோம். சேற்றில் காலடி இருக்கும் என்று நம்பினேன். மழைத் தூறல் எல்லாவற்றையும் கரைத்திருந்தது. வழிகாட்டி பனிச்சரிவுப் பக்கம் திரும்பி விசில் ஊதினார். மறுபடி ஊதினார். காற்றின் இரைச்சல் மட்டும் கேட்டது. அவர் என்னைப் பார்த்தார். கையை ஆட்டுக்காரர்களின் தடத்துப் பக்கம் நீட்டினார், பிறகு கீழே நீட்டினார். புருவத்தை உயர்த்தினார். ஐயா மொழிபெயர்க்கத் தேவையில்லாமல் போனது.

நான் கீழே காட்டினேன்.

அதன் பிறகு நடந்த தூரம் முழுக்க என் விரல் தவறான பக்கம் நீண்டதாகவே தோன்றிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு வளைவிலும் திரும்பிப் பனிச்சரிவைப் பார்த்தேன். மூடுபனிதான் தெரிந்தது.

முதல் குடிசையில் புகை வந்தது. உள்ளே அடுப்போரம் அண்ணி ஒரு வாளி வெந்நீரில் காலை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏஞ் சாமி, நீயும் திரும்பீட்டயா? முட்டி ஒத்துழைக்கல. சொல்லீட்டுத்தானே வந்தேன்?"

"ஆமாங்க அண்ணி."

அவர் என்ன சொல்கிறார் என்று வழிகாட்டி கேட்டார். வாசற்படியில் உட்கார்ந்துவிட்ட ஐயா கையை மட்டும் ஆட்டினார். நான் அண்ணியின் பக்கத்தில் குந்தி, அதே வாளியில் என் கைகளையும் விட்டுக்கொண்டேன்.