ரம்பொடை ஏத்தத்துல கொதிச்ச கார்

இந்தக் காரைப் பத்திப் பேசவே இப்பல்லாம் அலுப்பா இருக்கு. ஆனா போன வருஷம் பூரா என் மண்டையில வேற எதுவும் ஓடல.

வீட்டுக்காரிக்குக் கிட்னி பழுது. கிழமைக்கு ரெண்டு தடவை கந்தப்பளையில இருந்து கண்டிக்குப் போய் ரத்தம் சுத்தம் பண்ணிட்டு வரணும். பஸ்ல அவளால இருக்க ஏலாது, ஆட்டோன்னா குலுக்கல். தேயிலைத் தோட்டத்துத் துரை கழிச்சு விட்ட பழைய இங்கிலீஷ் கார்தான் எங்களுக்குக் கதி. எனக்கு முந்திப் பொறந்த கார். போறப்போ இறக்கம், ஒழுங்காப் போகும். வர்றப்போ ரம்பொடை ஏத்தத்துல கொதிச்சு ஆவி விடும். எஞ்சின் ஆறுற வரைக்கும் தூத்தல்ல நிக்கணும். துவண்டு கிடக்கிறவளைப் பின் சீட்டுல வச்சுக்கிட்டு அப்படி நின்னு நின்னு எனக்கு வெறுத்துப் போச்சு.

டவுன்ல இருக்கிற மெக்கானிக் பாஸ், "தண்ணி ஓட்டத்தை மறிக்கிற அந்தத் தெர்மோஸ்டட்டைக் கழட்டி வீசுங்கண்ணே, இந்தக் குளிருக்கு அது எதுக்கு"ன்னாரு. வீசினேன். காலையில எஞ்சின் சூடேறாம இருமிக்கிட்டே கிடந்துச்சு, ஏத்தத்துல வழக்கம் போலக் கொதிச்சுது. மறுபடி புதுசு வாங்கி மாட்டினேன். அப்புறம் ரேடியேட்டர் மூடி. கண்டிக் கடைக்காரர் பிரஷர் கூடின மூடியை நீட்டினாரு. அந்த அழுத்தத்துக்குப் பழைய ரேடியேட்டர் ஈயம் பத்த வச்ச எடத்துல விட்டுரும்னு திருப்பிக் குடுத்துட்டு, பழசோட அளவையே தேடி அலைஞ்சேன். வாட்டர் பம்ப், ஹோஸ், ஃபேன் பெல்ட் எல்லாம் மாத்தியாச்சு. அதுபாட்டுக்குக் கொதிச்சுது. கடைசியில, குழாய் வரிசை கூடின புது ரேடியேட்டரே போடுவோம்னு கொழும்புல இருந்து எடுப்பிச்சேன்.

எங்க வாசல்ல வச்சுத்தான் பாஸ் பழசைக் கழட்டினாரு. வீட்டுக்காரி கம்பளியைப் போர்த்திக்கிட்டுப் பாத்துக்கிட்டு இருந்தா. அவர் அதோட முன்பக்கத்தைத் தட்டினதும் காஞ்ச செவ்வந்தி இதழ் பொலபொலன்னு கொட்டுச்சு. தகட்டுக்குத் தகடு அடைஞ்சு கிடந்துச்சு, காத்துப் போக வழியே இல்ல.

கார் வழியில நிக்கக் கூடாதுன்னு மாரியம்மனை வேண்டி, ஒவ்வொரு தடவையும் கிளம்புறதுக்கு முன்னாடி முன் கிரில்லுல மாலை கட்டுறது அவதான். அதைத்தான் ஃபேன் உள்ள இழுத்துக்கிட்டே இருந்திருக்கு.

பாஸ் சிரிச்சாரு. "புதுசு சும்மா இருக்கட்டும்ணே. இதைக் கழுவினாலே போதும்." எனக்கு ஆத்திரமா வந்துச்சு, யார் மேலன்னுதான் தெரியல. இத்தனை பேர் போனட்டைத் திறந்தோம், ஒருத்தனும் முன்னாடி குனிஞ்சு பாக்கல. அவ எழுந்து உள்ள போயிட்டா.

அடுத்த தடவை மாலை கட்டல. சூடு காட்டுற முள்ளு பாதியைத் தாண்டாம, ரம்பொடை ஏத்தத்துல நிக்காம ஏறினோம். எனக்கு அழுகையே வந்திரும் போல இருந்துச்சு. அவ என்னடான்னா என் சீட்டை இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, கண்ணை மூடாமலே வந்தா.

"கொஞ்சம் தூங்கேன்"ன்னேன்.

"பயமா இருக்குங்க. நான் செய்யறதுக்குன்னு இருந்தது அது ஒன்னுதான்."

மறுதடவை நானே மாலை வாங்கியாந்து அவ கையில குடுத்து, பின் பம்பர்ல கட்டச் சொன்னேன். குனிய ஏலாம, காரைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல மெல்லக் கட்டினா. நான் அவசரப்படுத்தல.

அன்னைக்கு ரம்பொடை ஏத்தத்துல, பின் சீட்டுல அவ குறட்டை விடுற சத்தம் கேட்டுச்சு.