முப்பதாவது ஓட்டை

1947 ஜனவரி 17: 241
1951 பிப்ரவரி 9: 283
1959 மார்ச் 6: 299
1963 ஜனவரி 25: 299
1966 பிப்ரவரி 4: 299
1968 பிப்ரவரி 16: 290

எல்வுட் டஸ்ஸிங் சுட்ட குளிர்காலப் பந்தயங்களில் சிலவற்றின் கூட்டுத்தொகை இது. ஒரு பந்தயத்துக்கு ஆறு தாள், தாளுக்கு ஐந்து குண்டு. நடுவட்டத்தில் பட்டால் பத்து. முப்பதும் நடுவில் விழுந்தால் முந்நூறு. மேலே உள்ள எல்லா எண்களையும் அவர் தன் நோட்டில் மையில் எழுதினார். கடைசி எண்ணை மட்டும் பென்சிலில்.

ஒஹாயோவில் ஒரு வட்டாரத்துக்கு அவர்தான் தராசு ஆய்வாளர். கறிக்கடைத் தராசு கால் அவுன்ஸ் பிசகினாலும் சிவப்புச் சீட்டு ஒட்டிவிடுவார். "உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்குப்பா. ஆனா நம்பிக்கை வேற, எடை வேற" என்று சொல்லிக்கொண்டே ஒட்டுவார். அதனால் யாரும் அவரை வையவில்லை. மனைவி மார்வெல்லா வீட்டில் மாவு நிறுக்கும் தராசுக்கும் வருஷத்துக்கு ஒருமுறை சோதனை உண்டு.

தன் ரிவால்வருக்கு வேண்டிய குண்டுகளைக் கார் நிறுத்தும் கொட்டகையில், இரண்டு கதவையும் திறந்து வைத்துக்கொண்டு, அவரே வார்ப்பார். ஈயம் சிநேகிதர் கிளீட் பிக்ஸ்லரின் டயர் கடையிலிருந்து வரும். சக்கரத்தின் ஆட்டத்தை நிறுத்த விளிம்பில் மாட்டும் சின்னத் துண்டுகள். உருக்கி, கசடு நீக்கி, கொஞ்சம் வெள்ளீயம் சேர்த்து அச்சில் ஊற்றுவார். கல் சூடேறுமுன் ஊற்றிய முதல் தோசை போல, முதல் இருபது குண்டுகள் சுருக்கம் விழுந்து வரும். அவை திரும்பவும் சட்டிக்கே போகும். மற்றவற்றை ஒவ்வொன்றாக நிறுத்து, பள்ளங்களில் தேன்மெழுகு பூசி, அளவு வளையத்துக்குள் தள்ளி எடுப்பார். பித்தளைக் கூட்டில் வெடிமருந்து அளந்து போட்டுக் குண்டை அமுக்கும்போது, பொட்டலத்தில் அல்வா வைப்பவரின் கவனம் இருக்கும் அந்தக் கையில்.

அந்தக் குண்டுக்கு மூக்கே கிடையாது. ஒடித்த சுண்ணக்கட்டி மாதிரி முன்பக்கம் தட்டை. கூர்மூக்குக் குண்டு தாளைக் கிழிக்கும். இது வட்டமாக வெட்டி எடுக்கும். ஓட்டை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று சண்டை வராது. இலக்குச் சுடுபவர்கள் இதை விரும்புவதே அதற்காகத்தான்.

இருபத்தொரு வருஷமாக அவர் கேட்டது ஒரே ஒரு முந்நூறு. மூன்று முறை ஒற்றை மதிப்பெண்ணில் நழுவியது. ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதி வைத்திருக்கிறார். 1959: ஒரு குண்டின் அடிப்பாகம் மூளி. 1963: குளிரில் மெழுகு இறுகிவிட்டது. 1966: தும்மல். முதல் இரண்டையும் திருத்தினார். மூன்றாவதற்கு வழி தெரியவில்லை.

பந்தயம் தபால் வழி நடப்பது. ஒவ்வொரு துப்பாக்கிச் சங்கமும் தன் ஊரிலேயே சுட்டுத் தாள்களைச் சங்கக் கூட்டமைப்பின் செயலாளர் மிஸ் இர்மா லிண்ட்குவிஸ்டுக்கு அனுப்ப வேண்டும். அவர் கணக்கு டீச்சர். ஒரே ஓட்டையில் இரண்டு குண்டு போனால் எப்படித் தெரியும்? அதற்கென்றே தாளுக்குப் பின்னால் ஒரு காகிதச் சுருள் தொங்கும். சுடச் சுட ஒருவர் கயிறு இழுத்து அதை நகர்த்திக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் ஒரே ஓட்டையாக இருந்தாலும் பின்னால் இரண்டாகத் தெரியும்.

பிப்ரவரி 16, வெள்ளி சாயங்காலம். தீயணைப்பு நிலையத்தின் கீழ்த்தளச் சுடுகூடத்தில் கயிறு கிளீட்டின் கையில். ஐந்து தாள் முடிந்தது, இருபத்தைந்தும் பத்து. ஆறாவது தாளுக்குக் கிளீட்டின் மறு கையில் ஒரு டோனட் வந்து சேர்ந்தது.

"கயிறு பிடிச்சிருக்கியா?" என்றார் எல்வுட்.

"அட சுடுய்யா, ஆய்வாளரே! ஒரே ஓட்டையில ரெண்டு குண்டு போடுற ஆம்பளை இந்த ஊர்ல இன்னும் பொறக்கல."

எல்வுட் சுட்டார். ஐந்து வெடி. தாளைக் கொண்டுவந்து பார்த்தால் நடுவட்டத்தில் நான்கே ஓட்டை. கிளீட் பின்னால் ஓடிப் பார்த்தார். சுருள் நகரவே இல்லை. அதிலும் நான்குதான். டோனட்டை மென்றபடியே கேட்டார்:

"அஞ்சாவது எங்கடா போச்சு?"

"தெரியல," என்றார் எல்வுட். "உள்ளயும் போயிருக்கலாம். தாளுக்கு மேல, பின்னாடி மணல்மேட்டுலயும் போயிருக்கலாம்."

தாளை அன்றே உறையில் போட்டு ஒட்டிவிட்டார்கள். விதி அப்படி. மார்ச் 2-ஆம் தேதி பதில் வந்தது: "இருபத்தொன்பது ஓட்டைகள். 290. நகராத சுருள் சாட்சி ஆகாது. வருந்துகிறேன்."

கிளீட் அன்று மாலையே கொட்டகைக்கு வந்து நின்றார். "நான் சத்தியம் பண்ணித் தரேன்டா. அஞ்சு வெடியும் என் காதால கேட்டேன். பைபிள் மேல கை வச்சு எழுதித் தரேன்."

"உன்மேல எனக்கு நம்பிக்கை இருக்கு கிளீட்..."

"ஆரம்பிச்சுட்டான்யா! எடை வேறன்னு சொல்லுவ. நான் என்ன கறிக்கடையா?"

"வெடிச்சது அஞ்சுன்னு நீ கேட்ட. பட்டது அஞ்சான்னு நீ பாக்கல. நானும் பாக்கல."

கிளீட் போன பிறகு எல்வுட் சமையலறையில் போய் உட்கார்ந்தார். மார்வெல்லா மாவைப் பரப்பி வட்ட அச்சால் பிஸ்கட் வெட்டிக்கொண்டிருந்தார். எல்வுட்டின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வெட்டியதில், வெட்டிய இடத்திலேயே அச்சு மறுபடி இறங்கிவிட்டது, மயிரிழை தள்ளி.

"பாரு, உன்னால ஒரு பிஸ்கட் கோணிப்போச்சு. மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்தா நான் எதைப் பாக்குறது?"

எல்வுட் எழுந்து வந்தார். அச்சை வாங்கி அந்தக் குழியில் வைத்தார். பக்கவாட்டில் இறுக்கம், மேலும் கீழும் துளி ஆட்டம். ஒருமுறை வெட்டிய குழிகளில் வைத்தார். ஆட்டமே இல்லை.

"மார்வெல்லா!"

"கையக் கழுவிட்டுத் தொட்டியா?"

மறுநாளே அதே தொகுதித் தோட்டாக்களில் பத்தை எடுத்துப் பத்துத் தாளில் தாளுக்கு ஒன்றாகச் சுட்டார். அதே அச்சில் வார்த்த, சுடாத வெறும் குண்டு ஒன்றைப் பஞ்சில் சுற்றினார். கடிதம் இப்படி: "மிஸ் லிண்ட்குவிஸ்ட் அவர்களுக்கு. இந்தக் குண்டை முதலில் பத்துத் தாளிலும் வைத்துப் பாருங்கள்; இறுக்கமாக நிற்க வேண்டும். பிறகு என் ஆறாவது தாளின் நான்கு ஓட்டைகளிலும் வையுங்கள். நான்கிலும் இறுக்கமாக நின்றால் ஐந்தாவதை நான் மணலில்தான் சுட்டேன். 290 சரி, இனி எழுத மாட்டேன். சுருள் நகராததற்குக் காரணம் ஒரு டோனட். அதையும் மறைக்க விரும்பவில்லை."

கிளீட் அதைப் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். "உனக்கு எதிரா நீயே தராசு தூக்கி அனுப்புறியே, பைத்தியக்காரா! ஆடலன்னா?"

"ஆடலன்னா ஆடல."

சொன்னாரே தவிர, அந்த மூன்று வாரமும் தபால்காரர் வரும் நேரத்தில் எல்வுட்டுக்கு வாசலில் ஏதாவது வேலை இருந்தது. ஒரே வாசற்கதவுக் கீலுக்கு ஒன்பது முறை எண்ணெய் போட்டதாக மார்வெல்லா கணக்கு வைத்திருக்கிறார்.

பதில் வந்தபோது கிளீட்டும் அங்கேதான் இருந்தார். எல்வுட்டின் கையெல்லாம் கீல் எண்ணெய் என்பதால் மார்வெல்லாதான் படித்தார்:

"பத்துத் தாளிலும் குண்டு அசையவில்லை. உங்கள் ஆறாவது தாளில் மூன்று ஓட்டைகளில் அசையவில்லை. நான்காவதில் மேலும் கீழும் ஆடுகிறது, பக்கவாட்டில் ஆடவில்லை. என் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகளையும் செய்து பார்க்கச் சொன்னேன். முப்பத்தொருவரும் ஆடுகிறது என்றார்கள். 300. குண்டைத் திருப்பி அனுப்பப் போவதில்லை, என் மேசையில் இருக்கட்டும். கயிறு இழுப்பவரின் இரண்டு கையிலும் இனி கயிற்றையே கொடுங்கள்."

கிளீட் எல்வுட்டைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார். "பொறந்துட்டான் மார்வெல்லா! ஒரே ஓட்டையில ரெண்டு போடுறவன் பொறந்துட்டான்!"

"அறுபத்து மூணு வயசுல பொறந்த புள்ளைய மெதுவா இறக்கு, இடுப்பு பிடிச்சுக்கும்," என்றார் மார்வெல்லா. அடுப்பிலிருந்து பிஸ்கட் வந்தது. கோணலாக வெட்டிய ஒன்றை வேண்டுமென்றே எல்வுட்டின் தட்டில் வைத்தார்.

எல்வுட் அதைத் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டைத் திறந்தார். பென்சில் எண்ணை அழித்தார், பேனாவை எடுத்து முந்நூறு என்று எழுதினார். பக்கத்தில், கடிதம் கிடைத்த நாள்: 1968 மார்ச் 23, சனிக்கிழமை.