கண் வைக்காத டிராகன்

ஐம்பத்தாறு வயதில் ஷங்கருக்கு வேலை போனது. இருபத்தாறு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்த மனிதரை, கம்பெனி ஒரு கேக்கை வெட்டி அனுப்பிவிட்டது. சிங்கப்பூர் உட்லண்ட்ஸ் வீட்டில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவருக்கு மகள் தர்ஷினிதான் ஒரு டிராகன் பொம்மைப் பெட்டியும் மெல்லிய தூரிகைகளும் வாங்கி வந்தாள்.

"சும்மா உட்காராதீங்கப்பா, இதைப் பெயிண்ட் பண்ணிப் பாருங்க."

அன்று பிடித்த பைத்தியம்தான். வீட்டோடு கட்டிக்கொடுத்து, ஸ்டோர் அறையாகிப்போன பாம்ப் ஷெல்டரில், அரிசி மூட்டைக்கும் பழைய சூட்கேஸுக்கும் நடுவே மேசை போட்டுப் பதினான்கு மாதம் உட்கார்ந்தார். கடுகளவு செதில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பச்சை. டிராகன் காவல் இருக்கும் பாழடைந்த கோட்டையைத் தக்கைத் துண்டுகளை அடுக்கிக் கட்டினார். அதன் கதவு, பழைய லிஃப்டின் பித்தளைத் தகடு. கண்ணை மட்டும் விட்டுவைத்தார். சிராங்கூன் ரோட்டுக் கோயில் திருப்பணியில், ஸ்தபதி கடைசியாகத்தான் சிலைக்குக் கண் திறந்ததைப் பார்த்தவர் அவர். தர்ஷினியின் நிச்சயம் முடியட்டும், நல்ல நேரம் பார்த்து வைக்கலாம் என்றிருந்தார்.

மனைவி நிரஞ்சனாவுக்கு இதெல்லாம் அறவே பிடிக்காது. "பேரன் எடுக்கிற வயசுல பொம்மைக்குப் பெயிண்ட்! வெளிய சொல்லிடாதீங்க லா, மானம் போகுது."

மானம் விசித்திரமான சாமான். வேலை போனபோது போகாதது, பொம்மையால் போய்விடுமாம்.

நிச்சயத்தன்று ஸ்டோரில் சீர்த்தட்டுகளை வைக்க இடம் வேண்டியிருந்ததால், டிராகன் ஹாலுக்கு வந்தது. கிளமெண்டியிலிருந்து வந்த மாப்பிள்ளையின் அப்பா அதைப் பார்த்ததும் குனிந்து நின்றுவிட்டார்.

"யப்பா! யாருங்க பண்ணது?"

பதினான்கு மாதத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. ஷங்கர் வாயைத் திறந்தார்.

"எங்க பையன் ஜெய்தாங்க," என்றாள் நிரஞ்சனா. "ஆர்மி கேம்ப்ல இருக்கான்."

ஜெய் தூரிகையைத் தொட்டதே இல்லை. ஷங்கர் மகளைப் பார்த்தார். அவளாவது சொல்வாள் என்று நினைத்தார். தர்ஷினி புடவை மடிப்பைச் சரிசெய்தபடி குனிந்துகொண்டாள். மனைவியின் பொய் அவருக்குப் பழக்கம்தான். மகள் குனிந்துகொண்டதுதான் புதிது.

இறக்கை லேசாகச் சாய்ந்திருந்தது. நிமிர்த்தக் கையை நீட்டினார்.

"ஐயோ சம்பந்தி, நீங்க தொட்டு உடைச்சிடாதீங்க," என்று மாப்பிள்ளையின் அப்பா தடுத்தார். "தம்பி வந்து பார்த்துக்கட்டும். கண்ணுகூட இன்னும் வைக்கல பாருங்க."

ஷங்கர் கையை எடுத்துக்கொண்டார். பிறகு எல்லோருக்கும் காப்பி கொடுத்தார்.

விருந்தாளிகள் போனதும், தர்ஷினி புடவைகூட மாற்றாமல் வந்து நின்றாள். கையில் அந்த மெல்லிய தூரிகை.

"சாரிப்பா. அந்த நேரத்துல என்ன சொல்றதுன்னு தெரியல. இப்பவே கண்ணு வச்சிடுங்கப்பா, நல்ல நேரம் இன்னும் இருக்கு."

ஷங்கர் கண்ணுக்கென்று வைத்திருந்த மஞ்சள் பெயிண்ட் குப்பியின் மூடியை இறுக்கித் திருகினார்.

"ஜெய் வரட்டும்மா," என்றார். "அவன்தானே பண்ணான்."