மாஸ்டரை வரச் சொல்லுங்கம்மா

அந்தக் கறுப்புக் கோட்டை இன்று பார்த்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. என் கையால் எனக்கே தைத்துக்கொண்டது. தைக்கச் சொன்னது என் கொழுந்தன்.

திருவேற்காட்டில் எங்கள் வீட்டு மாடியில் நான் தையல் யூனிட் நடத்துகிறேன். பள்ளிக்கூட யூனிஃபார்ம்தான் எங்கள் பிழைப்பு. ஜூன் முடிந்தால் மெஷினெல்லாம் உறை மாட்டிக்கொண்டு நிற்கும். என்னிடம் தைக்கும் ஆறு பெண்களை, "சீசன் வந்ததும் கூப்பிடுறேன்" என்று ஒவ்வொரு வருஷமும் அனுப்பிவைப்பேன். அதில் ஒருத்தி வாசல் வரை போய்த் திரும்பிப் பார்ப்பாள். அந்தப் பார்வையை என்னால் தாங்க முடியாது. வேலப்பன்சாவடிப் பக்கம் ஒரு கல்லூரியில், இன்டர்வியூவுக்குப் போகும் பிள்ளைகளுக்குக் கோட்டுத் தைக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஓடிப்போய் விண்ணப்பம் கொடுத்தேன். அது கிடைத்தால் யாரையும் அனுப்ப வேண்டாம். இடத்தைப் பார்க்க ஆள் வருவார் என்றார்கள்.

கொழுந்தன் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் இருக்கிறான். போனில் வீடியோ பார்த்தே எல்லாம் கற்றவன்.

"இன்னா அண்ணி, மெஷின்ல குந்திகினு இருந்தா உன்னை டெய்லர்னுதான் நெனைப்பாங்கோ. ஓனர்னா ஒரு கெத்து வேணாமா?"

நானும் தலையாட்டினேன். மாடியில் ஒரு மூலையைக் கண்ணாடி வைத்துத் தடுத்து ஆபீஸ் ஆக்கினோம். சக்கர நாற்காலி வந்தது. ஒரு தொட்டிச் செடி வந்தது, அதுவும் பிளாஸ்டிக். கழுத்தில் டேப் தொங்கக் கூடாது, மெஷின் பக்கமே போகக் கூடாது என்று உத்தரவு வேறு. அந்த வெயிலில், சுடிதார்மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, வேர்வை வழிய நான் என் யூனிட்டிலேயே விருந்தாளி மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

கல்லூரியின் நிர்வாக அதிகாரி வந்தார். எழுந்து வணக்கம் சொன்னேன். கோட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, "காலேஜ்லேர்ந்து வந்திருக்கேன்னு உங்க சார்கிட்ட சொல்லுங்கம்மா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் டீத் தட்டோடு உள்ளே வந்தார். ஆவடியில் ஃபிட்டர் வேலை அவருக்கு. எனக்கு ஒத்தாசையாக இருக்கட்டும் என்று லீவு போட்டிருந்தார். அதிகாரி அவரைப் பார்த்ததும் கை நீட்டினார். இவர் என்ன செய்தார்? தட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கை குலுக்கினார். பிறகு மேஜையைச் சுற்றிப் போய் என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

'நான் இல்லை, அவங்கதான்' என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்? அந்த மனுஷன் சொல்லவில்லை. வந்தவர்மேல் இருந்த கோபம் அந்த நிமிஷமே இவர்மேல் திரும்பியது. ஒரு நாளைக்கு எத்தனை கோட்டு முடியும் என்று அதிகாரி இவரைக் கேட்டார். இவர் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். அடுத்த கேள்வியும் இவருக்கே போனது. "நம்ம யூனிட்ல" என்று இவரும் ஒரு தரம் ஆரம்பித்தார்.

கடைசியில், சாம்பிளுக்குத் தனக்கே ஒரு கோட்டுத் தைத்துத் தரும்படி அதிகாரி சொன்னார். நான் டிராயரிலிருந்து டேப்பை எடுத்ததும் ஓரடி பின்னால் போனார். "மாஸ்டர் யாராவது இருந்தா வரச் சொல்லுங்கம்மா" என்றார். ஆம்பளைக்கு ஆம்பளைதான் அளவெடுக்க வேண்டுமாம்.

"இப்டி குடு, நான் எடுக்குறேன்" என்று என் வீட்டுக்காரர் எழுந்தார்.

வாழ்க்கையில் டேப்பைத் தொட்டதில்லை அவர். அதிகாரியின் சட்டைப் பையில் செல்போன் புடைத்துக்கொண்டிருந்தது. அதற்கு மேலேயே டேப்பைச் சுற்றி, "நாப்பத்தி மூணு, எழுதிக்கோ" என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றிருந்தது. ஆறு பேரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த அளவில் தைத்தால் கோட்டு கோணி மாதிரி தொங்கும். ஆர்டர் போகும். ஜூன் முடிந்ததும் அந்த ஒருத்தி மறுபடியும் வாசலில் நின்று திரும்பிப் பார்ப்பாள்.

கோட்டைக் கழற்றி மேஜைமேல் எறிந்தேன். வீட்டுக்காரர் கையிலிருந்து டேப்பைப் பிடுங்கினேன்.

"சார், இது என் யூனிட். மாஸ்டரும் நான்தான். பாக்கெட்ல இருக்குற போனை எடுத்து வெச்சுட்டு, கையைத் தூக்குங்க."

அதிகாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் செடியைப் பார்த்தார். அதிகாரி போனை எடுத்து மேஜைமேல் வைத்தார், கைகள் மேலே போயின. முப்பத்தொன்பதரை.

அன்று இரவே உட்கார்ந்தேன். சாம்பிள் கோட்டை நானே வெட்டி, நானே தைத்து, கல்லூரிக்கு அனுப்பிவைத்தேன்.

ஒரு வாரம் ஆனது. மெஷினில் உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் மாடிப்படியில் சிரித்துக்கொண்டே ஏறிவந்தார். அந்த அதிகாரி அன்று போகும்போது கீழே நின்று இவருடைய நம்பரை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். இவருக்குத்தான் போன் செய்திருக்கிறார். ஆர்டர் நமக்குத்தான் என்றார் இவர். அந்த ஆறு பேரும் கைதட்டினார்கள். ஒருத்தி அழுதாள். எனக்கும் கண் நிறைந்தது, மறைக்கவில்லை.

"உன்னப் பத்தி இன்னா சொன்னாரு தெரியுமா?" என்றார் என் வீட்டுக்காரர். அவர் முகத்தில் அவ்வளவு பெருமை. "கோட்டு கச்சிதமா கீதாம். 'நல்ல மாஸ்டரா வெச்சிகினு கீறீங்க சார், அந்தம்மாவ வேலைய விட்டு அனுப்பிடாதீங்க'ன்னாரு."

நான் டேப்பை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு மெஷினை மிதித்தேன். அவர் அதற்குமேல் சொன்னது எதுவும் என் காதில் விழவில்லை.